பன்னீர் திராட்சைப் பந்தலைக் காப்பாற்ற வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. தொண்டாமுத்தூர் பக்கம் ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சை வைத்திருக்கிறோம். அப்பா போட்ட கல்தூண் பந்தல். அக்கம்பக்கத்தில் சிலர் கொடியை வெட்டிவிட்டுப் பாக்குக்கு மாறிவிட்டார்கள். எனக்கு மனசு வரவில்லை.

நாசிக் பக்கம் வருசத்துக்கு ஒரே அறுவடைதான். நமக்குக் கவாத்து செய்து (கொடியை வெட்டிவிட்டு) நாலு மாதத்தில் பழம், வருசத்துக்கு இரண்டு முறை. இவ்வளவு வசதி இருந்தும் மழையில் கோட்டை விடுகிறோம். போன வருசம் புரட்டாசியில் கவாத்து செய்தோம். ஐப்பசி மழையில் பூவும் பிஞ்சும் மாட்டிக்கொண்டன. அடிச்சாம்பல் நோய் வந்து கொத்துக் கொத்தாகக் கருகியது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த 1 சதவீத போர்டோ கலவை அடித்தோம், அன்று சாயங்காலமே மழை கழுவிவிட்டது. கவாத்தை மார்கழிக்கே தள்ளிவிடலாமா? செய்து பார்த்தவர்கள் மாதக் கணக்கோடு சொல்லுங்க.

இன்னொன்று விலை. பன்னீருக்குத் தோல் மெல்லிசு, பறித்தால் வைத்திருக்க முடியாது. அது தெரிந்துதான் வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பக்கம் விலை ஏறியிருக்கிறதா? சின்ன அளவில் ஜூஸ் பிழிந்து விற்கிறவர்கள் இருந்தால், முதலீடு எவ்வளவு, உரிமம் எப்படி வாங்கினீர்கள் என்று சொன்னால் பெரிய உதவி.

அப்புறம், போர் தண்ணீர் உப்பேறிவிட்டது. உப்பைத் தாங்கும் டாக்ரிட்ஜ் என்ற காட்டுத் திராட்சை வேர்ச்செடியில் பன்னீரை ஒட்டுக்கட்டி வளர்ப்பவர்கள் கோவை, திருப்பூர் பக்கம் இருக்கிறீர்களா? நேரில் வந்து பார்க்கிறேனுங்க. ஆவணிக்குள் முடிவெடுக்க வேண்டும்.