புதுப்பிப்பு: ஓ கேஜ் (O gauge) பொம்மை ரயிலுக்கு ரிமோட்டா, ஆப்பா, டிரான்ஸ்பார்மரா?

பதில் சொன்னவர்களுக்கு நன்றி. கேட்டது இதுதான்: ஒரே மூன்று தண்டவாளப் பாதையில் லயனல் என்ற அமெரிக்க பொம்மை ரயில் நிறுவனத்தின் புளூடூத் உள்ள லயன்சீஃப் பிளஸ் 2.0 எஞ்சினும், அதே நிறுவனத்தின் 1950களின் எஞ்சினும் ஓட வேண்டும், எதை வாங்குவது?

80 வாட் டிரான்ஸ்பார்மரே போதும் என்று ஒருவர் சொன்னது சரியாக வந்தது. புதிய எஞ்சினின் சுவிட்சை ரிமோட் பக்கம் தள்ளி, டிரான்ஸ்பார்மரின் கைப்பிடியை 18 வோல்ட்டில் அப்படியே விட்டுவிட வேண்டும். வேகத்தை ரிமோட் பார்த்துக்கொள்ளும். பழையதற்கு அதே கைப்பிடிதான் வேகம். இரண்டையும் சேர்த்து ஓட விடாதீர்கள், முழு 18 வோல்ட்டில் பழையது வளைவில் கவிழ்ந்துவிடும். அதனால் பக்கப்பாதையில் மின்சாரம் வரும் நடுத் தண்டவாளத்தை மட்டும் பிளாஸ்டிக் பின் போட்டுப் பிரித்து, ஆன்-ஆஃப் சுவிட்ச் வழியாக மின்சாரம் கொடுத்திருக்கிறேன். ஓடாத எஞ்சின் அங்கே நிற்கும்.

ஒவ்வொரு சத்தத்தின் அளவையும் தனித்தனியாகக் குறைக்க ஆப் நல்லது. ஓட்டுவதற்குக் குமிழ் ரிமோட்தான், கண் ரயிலில் இருக்கும்போதே திருப்பலாம். ரிமோட் இணையவில்லையா? முதலில் போனில் ஆப்பை மூடுங்கள்.

எதிர்பாராதது ஒன்று. டிரான்ஸ்பார்மர் தருவது ஏசி (திசை மாறும் மின்சாரம்), செட்டோடு வந்த அடாப்டர் தருவது டிசி (ஒரே திசை மின்சாரம்). அதில் பழைய விசில் டெண்டர் (எஞ்சினுக்குப் பின்னால் வரும், விசில் உள்ள நிலக்கரிப் பெட்டி) நிற்காமல் ஊதியது! டெண்டர் பழுதில்லை, அதன் ரிலே (விசிலை இயக்கும் மின்காந்தச் சுவிட்ச்) டிசி கிடைத்தால்தான் இழுக்கும், டிரான்ஸ்பார்மரின் விசில் பொத்தானும் கொஞ்சம் டிசியைச் சேர்த்துத்தான் ஊத வைக்கிறது.

தடம் புரளும்போது வரும் மின்தாவல் (திடீர் மின்னழுத்த உயர்வு) புதிய எஞ்சினின் மின்னணு போர்டைக் கெடுக்கலாம். டிரான்ஸ்பார்மர் முனைகளுக்குக் குறுக்கே அந்தத் தாவலை உறிஞ்சும் 36 வோல்ட் இருதிசை டிவிஎஸ் டையோடு, பாதைக்குப் போகும் கம்பியில் 5 ஆம்ப் ஃபியூஸ் போட்டாயிற்று.