போர்ட் ஆஃப் ஸ்பெயின் கார்னிவல்: ஸ்டீல்பேன் கேட்க எப்போது போய்ச் சேர வேண்டும்?

வைகைக்கரையான் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். டிரினிடாட் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 2027ஆம் ஆண்டுக் கார்னிவல் பிப்ரவரி 8, 9 தேதிகளில், அதாவது திங்கள், செவ்வாய்க் கிழமைகளில் நடைபெறுகிறது. அந்தச் சமயத்தில் அலுவல் நிமித்தமாக மயாமியில் இருப்பேன் என்பதால், ஞாயிறு இரவு அங்கே போய் இறங்கிப் புதன் காலை திரும்பிவிடலாம் என்று எண்ணியிருக்கிறேன். இறகும் மணியும் தைத்த ஆடைகளை வேடிக்கை பார்ப்பதில் எனக்கு அவ்வளவு நாட்டமில்லை. எண்ணெய்ப் பீப்பாயை அறுத்துத் தட்டிச் சுருதி சேர்க்கும் அந்த ஸ்டீல்பேனை, அது பிறந்த ஊரிலேயே கேட்க வேண்டும் என்பதே நெடுநாள் ஆசை. இந்தத் திட்டம் அதற்குப் போதுமா? தனியாகத்தான் வருகிறேன், சைவ உணவுக்காரன்.

கடலோடி:

ஐயா, உங்கள் நோக்கம் ஸ்டீல்பேன்தான் என்றால், ஞாயிறு இரவு வந்து இறங்குவது மங்களம் பாடி முடித்த பிறகு சபாவுக்குள் நுழைவதைப் போலத்தான். ஸ்டீல்பேன் குழுக்களின் மாபெரும் போட்டியான பனோரமா 1963 முதல் நடந்து வருகிறது. பெரிய குழுக்களின் இறுதிச்சுற்று வழக்கமாகக் கார்னிவலுக்கு முந்தைய சனிக்கிழமை இரவு குவீன்ஸ் பார்க் சவானா திடலில் நடைபெறும். திங்களும் செவ்வாயும் தெருக்களை ஆள்பவை, மலைபோல் ஒலிபெருக்கி அடுக்கிய லாரிகளும் அவற்றிலிருந்து கிளம்பும் சோக்கா என்ற துள்ளல் பாட்டும்தான். சக்கரம் பூட்டிய சட்டங்களில் ஸ்டீல்பேன்களை ஏற்றித் தள்ளிக்கொண்டு வரும் குழுக்கள் அன்றும் உண்டு. ஆனால் அந்த லாரிச் சத்தத்தின் நடுவே நீங்கள் விரும்பும் விதத்தில் கேட்க இயலாது.

எனவே முடிந்தால் ஒரு வாரமாவது முன்னதாக வாருங்கள். பனோரமாவைவிடவும் உங்களுக்குப் பிடிக்கப் போவது பேன்யார்டு என்று நான் பந்தயமே கட்டுவேன். ஒவ்வொரு குழுவும் ஒத்திகை பார்க்கும் திறந்தவெளி முற்றத்துக்கு அந்தப் பெயர். சார்லட் தெருவில் ரெனகேட்ஸ், டியூக் தெருவில் ஆல் ஸ்டார்ஸ், உட்புரூக் பகுதியில் ஃபேஸ் டூ என்று நகருக்குள்ளேயே பல இருக்கின்றன. ஜனவரி தொடங்கிவிட்டால் மாலை தோறும் ஒத்திகை நடக்கும். பெரும்பாலும் யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து கேட்கலாம். இசையமைப்பாளர் ஒரு சிறு துண்டை வாசித்துக் காட்டுவார். பெரும்பாலோர் தாள் எதுவும் பார்க்காமல் காதால் வாங்கி, முதலில் மெதுவாகவும் பிறகு முழு வேகத்திலும் திரும்பத் திரும்ப அதையே வாசிப்பார்கள். பெரிய குழுவில் ஏறத்தாழ 120 பேர் வரை இருப்பார்கள். உச்ச சுருதிக்குரிய டெனர் வாசிப்பவர் முன்னால் ஒரே ஒரு பேன் இருக்க, பாஸ் வாசிப்பவரோ ஆறு முதல் பன்னிரண்டு முழுப் பீப்பாய்களின் நடுவே நின்று சுழன்று சுழன்று வாசிப்பார். அத்தனைக்கும் தாளம் பிடிப்பது 'என்ஜின் ரூம்' எனப்படும் பகுதி. அங்கே பழைய காரிலிருந்து கழற்றிய பிரேக் டிரம்மை இரும்புக் கம்பியால் அடித்துக்கொண்டிருப்பவரின் அருகில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். காது அடைத்துப் போகும், ஆனால் நகர மனம் வராது.

இந்த வாத்தியம் பிறந்த கதையும் அந்த முற்றங்களில் வைத்துக் கேட்டால்தான் உறைக்கும். 1881இல், விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர் கார்னிவலில் தீப்பந்தம் ஏந்திச் செல்லும் கேன்பூலே ஊர்வலத்தை அடக்க வந்த காவலர்களோடு கலவரம் மூண்டது. அதன் தொடர்ச்சியாக 1884இல் பிரிட்டிஷ் அரசு தோல் மேளங்களுக்குத் தடை போட்டது. மக்கள் மூங்கிலைத் தரையில் குத்தித் தாளம் எழுப்பினார்கள். பின்னர் பிஸ்கட் தகரம், பெயின்ட் டப்பா, குப்பைத்தொட்டி மூடி என்று கைக்குக் கிடைத்த உலோகத்தையெல்லாம் தட்டி, 1940களில் எண்ணெய்ப் பீப்பாய்க்கு வந்து சேர்ந்தார்கள்.

நள்ளிரவுப்பயணி:

திங்கள் அதிகாலையை மட்டும் தவற விட்டுவிடாதீர்கள். ஜூவே எனப்படும் அந்த ஊர்வலம் இன்னும் இருட்டாக இருக்கும்போதே, ஏறக்குறைய நான்கு மணிக்குத் தொடங்கிவிடும். சேறு, சாயம், கொக்கோ என்று உடம்பெல்லாம் பூசுவார்கள். ஒதுங்கி நின்றாலும் தப்ப முடியாது. திரும்ப உடுத்தும் எண்ணமில்லாத துணியைப் போட்டுக்கொண்டு, கைப்பேசியை உறையில் இட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். தனியாகச் சுற்றாமல் ஏதாவது ஒரு ஜூவே குழுவில் பணம் கட்டிச் சேர்ந்துவிடுவது நல்லது. வாடகைக் காரின் எண் பலகை எச் என்ற எழுத்தில் தொடங்குகிறதா என்று பார்த்து ஏறுங்கள். ராணுவ உடை போன்ற திட்டுத்திட்டான நிறமுள்ள ஆடைகள் அந்நாட்டில் சட்டப்படி தடை செய்யப்பட்டவை என்பதால் பெட்டியிலேயே வைக்காதீர்கள்.

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். பரா எனப்படும் பொரித்த மெல்லிய ரொட்டிகள் இரண்டில் கொண்டைக்கடலைக் குழம்பை ஊற்றித் தரும் 'டபுள்ஸ்' தெருவுக்குத் தெரு கிடைக்கும். மிளகாய்ச் சாற்றை மட்டும் 'கொஞ்சம்' என்று சொல்லிக் கேளுங்கள். அவர்களுடைய கொஞ்சமே நமக்கு நிறைய.

மஞ்சள்வெயில்:

கடலோடி அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் திங்கள், செவ்வாயை இப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. சோக்காவை வெறும் லாரிச் சத்தம் என்பது நியாயமில்லை. 1970களில் லார்ட் ஷார்ட்டி என்ற கலைஞர் அந்நாட்டுப் பழைய பாட்டு வகையான கலிப்சோவோடு இந்திய வம்சாவளியினரின் தாள நடையையும் கலந்துதான் அதை உருவாக்கினார். ஸ்டீல்பேனிலும் அந்தத் தொடர்பு உண்டு: ரெனகேட்ஸ் குழுவுக்கு ஒன்பது முறை பனோரமா பட்டம் வாங்கித் தந்த இசையமைப்பாளர் ஜிட் சமாரூ இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவர். 1845 முதல் 1917 வரை அங்கே ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் கல்கத்தா வழியாகச் சென்றவர்கள் என்றாலும், சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்களும் இருந்தார்கள். காளி கோயில்களில் இன்றும் தப்பு அடிக்கிறார்கள்.

செவ்வாயன்று வேடமணிந்து ஊர்வலத்தில் சேர்வதற்குப் பல நூறு அமெரிக்க டாலர் ஆகும். சில பிரிவுகளில் ஆயிரத்தையும் தாண்டும். அந்தச் செலவு உங்களுக்குத் தேவையில்லை. சாலையோரம் நின்று பார்ப்பதற்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை.

வைகைக்கரையான்:

மூவருக்கும் மிக்க நன்றி. மேலாளரிடம் பேசி, முந்தைய திங்களன்றே அங்கே வந்துவிடும்படி பயணத்தை மாற்றப் பார்க்கிறேன். பனோரமா இறுதிச்சுற்றுக்கு எந்தப் பக்கத்து நுழைவுச்சீட்டு வாங்குவது என்பது மட்டும் குழப்பமாக இருக்கிறது.

கடலோடி:

இசையைக் கவனித்துக் கேட்பதற்கு கிராண்ட் ஸ்டாண்ட். நார்த் ஸ்டாண்டுக்குப் போகிறவர்கள் குளிர்பெட்டியும் கூட்டாளிகளுமாகக் கொண்டாடப் போகிறவர்கள். அங்கே உட்கார்ந்து நுணுக்கம் பார்ப்பதெல்லாம் நடக்காது. ஆனாலும் நான் சொல்வது: சீட்டு எதுவாக இருந்தாலும், அவ்வப்போது எழுந்து வெளியே 'டிராக்' பக்கம் போய் வாருங்கள். குழுக்கள் மேடையேறக் காத்திருக்கும் தடம் அது. மேடையில் எட்டு நிமிடம்தான் வாசிக்க வேண்டும் என்பதால், வரிசையில் நிற்கும்போதே முழுப் பாட்டையும் ஓரிரு முறை வாசித்துச் சரிபார்ப்பார்கள். டெனர் வாசிப்பவரின் குச்சி முனையில் சுற்றிய ரப்பர் தெரியும் தூரத்தில் நீங்கள் நிற்கலாம். மேடை நிகழ்ச்சி நள்ளிரவைத் தாண்டும். திரும்புவதற்கான வண்டியை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.