கதீட்டர் போடும்போது பாதி வழியில் வறண்டு உரசுகிறது: எந்த ஜெல், எவ்வளவு?

கேள்வி:
ஆண், வயது 52. சிறுநீர்ப்பை தானாகக் காலியாவதில்லை. அதனால் நாளைக்கு 5 முறை, 14 எஃப்ஆர் அளவுள்ள சாதாரண பிவிசி கதீட்டர் போட்டுச் சிறுநீர் எடுக்க வேண்டியிருக்கிறது. நுனியில் ஜெல் தடவித்தான் நுழைக்கிறேன். முதலில் வழுக்கிக்கொண்டு போகிறது, பாதிக்குமேல் உரசுகிறது. வெளியே எடுக்கும்போது எரிச்சல் இன்னும் கூடுதல். ஜெல் கைவசம் இல்லாதபோது வாசலினோ எண்ணெயோ தடவலாமா? மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் ஜெல்லைத் தினமும் போடலாமா?

பதில் 1:
வாசலின், எண்ணெய் இரண்டுமே வேண்டாம். தண்ணீரில் கரையாதவை என்பதால் சிறுநீரோடு கழுவிக்கொண்டு போகாமல் உள்ளேயே படிந்து நிற்கும். கதீட்டரின் கண்களையும் (நுனியருகே சிறுநீர் நுழையும் துளைகள்) அடைக்கும். சிவப்பு ரப்பர் கதீட்டராக இருந்தால் அது லேடக்ஸ். எண்ணெய்ப் பசை பட்டால் லேடக்ஸ் வலுவிழந்துவிடும். தண்ணீரில் கரையும், கிருமி நீக்கிய ஜெல்தான் சரி. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிறு பொட்டலம் நல்லது. பெரிய டியூப் திறந்தபின் கிருமியற்றதாக இருக்காது. வேறு வழியில்லாமல் டியூபைப் பயன்படுத்தினால் முதலில் வரும் துளியைப் பிதுக்கி எறிந்துவிடுங்கள். டியூபின் வாய் உடம்பிலோ கதீட்டரிலோ படவே கூடாது. வாசனை, சூடேற்றும் தன்மை சேர்த்த உடலுறவு ஜெல்கள் உள்ளே எரியும், அவற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

உங்கள் சிக்கலின் மூலம் ஜெல்லின் வகை அல்ல, அது எங்கே இருக்கிறது என்பதுதான். ஆணின் சிறுநீர் வழி ஏறத்தாழ 18 முதல் 20 செ.மீ. நுனியில் தடவிய ஜெல்லில் பெரும்பகுதியை வாசலிலேயே தோல் வழித்துவிடும். மீதி உள்ள தூரம் முழுக்க வெறும் பிளாஸ்டிக்தான் போகிறது. ஜெல்லைக் குழாயில் தடவுவதைவிட வழிக்குள் செலுத்துவதே பலன் தரும். ஊசி இல்லாத, கூம்பு முனையுள்ள சிரிஞ்சில் நிரப்பியே வரும் ஜெல் கிடைக்கும். 5 முதல் 10 மி.லி. போதும். 10 விநாடியாவது எடுத்து மெல்ல அழுத்துங்கள். வேகமாகத் தள்ளினால் வழி விரிந்து அதுவே வலிக்கும். பிறகு மொட்டுக்குக் கீழே லேசாகப் பிடித்தபடி ஒரு நிமிடம் இருந்தால் ஜெல் திரும்பி வழியாமல் உள்ளே பரவும். ஆண்குறியை வயிற்றை நோக்கி உயர்த்தி நேராக நீட்டிப் பிடித்து நுழையுங்கள். வளைவு நிமிர்ந்தால் உரசல் குறையும்.

பெண்களுக்கு வழி 4 செ.மீ. அளவுதான். கதீட்டரின் முதல் 5 செ.மீ.யில் மெல்லிய பூச்சு இருந்தால் போதும். அதிகம் தடவினால் விரல் வழுக்கிக் கதீட்டர் வேறு துளைக்குள் போய்விடும்.

பதில் 2:
வெளியே எடுக்கும்போது எரிவதற்குக் காரணம் வேறு. உள்ளே இருந்த ஜெல்லில் ஓரளவைச் சிறுநீர் கழுவிக்கொண்டு போயிருக்கும். பை காலியானதும் அதன் உட்சவ்வு கதீட்டரின் கண்ணுக்குள் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்வதும் உண்டு. அப்படியே இழுத்தால் சவ்வு கிழியும், இரண்டு சொட்டு இரத்தம் வரும். பிடிப்பதுபோல் இருந்தால் 1 செ.மீ. உள்ளே தள்ளி, லேசாகத் திருப்பி, பிறகு நிதானமாக இழுங்கள். கண்ணின் விளிம்பையும் விரலால் தொடாமல் வெளிச்சத்தில் பாருங்கள். துளையிட்டு அப்படியே விட்ட விளிம்பு கூராக இருக்கும். உருக்கி மழுக்கிய விளிம்பு உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். 14 எஃப்ஆர் என்றால் விட்டம் 4.7 மி.மீ., 12 எஃப்ஆர் 4 மி.மீ. சிறியது போதுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

லிக்னோகெய்ன் பற்றி: 2% ஜெல் வேலைசெய்ய 3 முதல் 5 நிமிடம் ஆகும். பலர் போட்ட உடனே நுழைத்துவிடுவதால் அவர்களுக்குக் கிடைப்பது வெறும் வழுக்கல்தான். தினமும் 5 முறை என்பதை நான் ஆதரிக்க மாட்டேன். காயப்பட்ட சவ்வு வழியாக மருந்து இரத்தத்தில் கலக்கும்; இதயத் துடிப்புக் கோளாறு, வலிப்பு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. இன்னொன்று, வலிதான் தவறான பாதையில் போகிறோம் என்று சொல்லும் எச்சரிக்கை, அதை மரக்கடித்துவிட்டுத் தள்ளுவது ஆபத்து. சில ஜெல்களில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்திருக்கும். அது அரிதாகக் கடும் ஒவ்வாமை அதிர்ச்சியை உண்டாக்கும், லேபிளைப் படியுங்கள்.

விதிவிலக்கு, மார்புப் பகுதி 6ஆம் முள்ளெலும்பு அளவிலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவர்கள். உணர்வே இல்லாவிட்டாலும் அவர்களுக்கு இந்த உரசலால் திடீரென்று இரத்த அழுத்தம் ஏறும்: தலையிடி, முகம் சிவத்தல், வியர்வை. அவர்களுக்கு மரக்கவைக்கும் ஜெல் தேவையா என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. ஜெல் நிறையப் போட்டால் கண் அடைத்துச் சிறுநீர் வர நேரமாகாதா? ஹைட்ரோஃபிலிக் கதீட்டருக்கு மாறினால் ஜெல்லே வேண்டாமா?

பதில் 1:
ஆகும், ஆனால் சில விநாடிதான். பொறுத்திருந்து ஒருமுறை இருமினால் அடைப்பு விலகும். சிறுநீர் வர ஆரம்பித்ததும் இன்னும் 2 அல்லது 3 செ.மீ. உள்ளே தள்ளுங்கள், கண் பைக்குள் முழுசாகப் போய்விடும்.

ஹைட்ரோஃபிலிக் வகையில் பூச்சே தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வழுவழுப்பாகிறது. தண்ணீர் ஊற்ற வேண்டிய வகை என்றால் உறையில் சொன்ன நேரம், பெரும்பாலும் 30 விநாடி, ஊறவிட வேண்டும். அதன்மேல் ஜெல் தடவாதீர்கள், துடைக்கவும் கூடாது, இரண்டுமே அந்த நீர்ப்படலத்தைக் கெடுக்கும். ஊறியதும் உடனே நுழைத்துவிடுங்கள். பூச்சு உலர்ந்தால் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். மெதுவாகச் சிறுநீர் வடிபவர்களுக்கு எடுக்கும்போது இழுப்பதும் இதனால்தான். ஒருமுறைக்கு மேல் பயன்படாது.

பதில் 2:
பைக்கு அருகே தசை இறுகித் தடுத்தால் அங்கே கூடுதல் ஜெல் உதவாது. தள்ளாமல் நிறுத்தி, ஆழமாக மூச்சை விட்டு, லேசான அழுத்தம் மட்டும் வைத்திருங்கள். தசை தளர்ந்ததும் தானாக வழிவிடும். இரண்டாவது முயற்சியிலும் போகவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பை நிறைந்திருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நடுக்கத்தோடு காய்ச்சல், கட்டியாக இரத்தம், ஒவ்வொரு தடவையும் இரத்தம் என்றாலும் அப்படித்தான்.