டர்பன் கச்சேரி உண்மைதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குழுவினருக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். சென்னைப் பின்னணிப் பாடகர் ஒருவர் அடுத்த மாதம் டர்பன் சர்வதேச மாநாட்டு மையத்தில் பாடப்போவதாக ஓர் இணையதளம் சொல்கிறது. டிக்கெட் 850 ராண்ட். அம்மா அதற்குள் புடவையையே எடுத்து வைத்துவிட்டார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

முதல் உறுத்தல் பணம். கார்டு வாங்க மாட்டார்களாம். ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட்டு ரசீதை வாட்ஸ்அப்பில் காட்ட வேண்டுமாம். இங்கே டிக்கெட் விற்கும் இணையதளங்களான கம்ப்யூடிக்கெட்டிலும் வெப்டிக்கெட்ஸிலும் தேடினேன், இந்த நிகழ்ச்சியே இல்லை. அந்த இணைய முகவரி எப்போது பதிவானது என்று ஹூஇஸ் தேடலில் பார்த்தேன்: மூன்று வாரங்களுக்கு முன்புதான். பாடகரின் சொந்தப் பக்கத்தில் தென்னாப்பிரிக்கா என்ற பேச்சே இல்லை. ஆனால் சுவரொட்டி மட்டும் அத்தனை அழகு! இருக்கை வரைபடம்கூடப் போட்டிருக்கிறார்கள். கோயில் வழியாகவும் கடை வழியாகவும் டிக்கெட் விற்பவர்களும் உண்டு என்பதால், பொய் என்று அடித்துச் சொல்லவும் தயக்கம்.

இன்று ஞாயிறு. நாளை காலை மாநாட்டு மையத்தையே தொலைபேசியில் கேட்கப்போகிறேன். எண்ணை விளம்பரத்திலிருந்து அல்ல, மையத்தின் சொந்த இணையதளத்திலிருந்து எடுத்துத்தான். அதற்குள் ஃபீனிக்ஸ், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் யாராவது இந்த விளம்பரத்தைப் பார்த்தீர்களா? பணம் கட்டியவர்கள் உண்டா? மேடை, ஒலி அமைப்பு வேலையில் இருப்பவர்களுக்குச் செய்தி ஏதும் எட்டியதா? முதல் 100 பேருக்கான தள்ளுபடி இன்று நள்ளிரவோடு முடிகிறதாம். அம்மா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.