உதவி தேவை: புரொஃபைல் போட்டோவுக்கு மூன்று உடை போட்டுப் பார்த்தும் ஒன்றும் சரிவரவில்லை

கேள்வி

வணக்கம். நாளை மறுநாள் ஸ்டூடியோவில் அலுவலக புரொஃபைல் போட்டோ எடுக்க வேண்டும். தலையும் தோளும் மட்டும்தான் வரும், பின்னணி வெளிர் சாம்பல். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து போனில் சோதித்ததில் இப்படி வருகிறது:

நீலப் பொடிக்கோடு சட்டை: கோடுகள் மேல் அலை அலையாக வானவில் நிறம் ஓடுகிறது. கண்ணாடியில் பார்த்தால் அப்படி எதுவும் இல்லை.

வெள்ளைச் சட்டை: பட்டன் பட்டிகூடத் தெரியாமல் வெளுத்துப்போகிறது, லேசாக நீலமும் அடிக்கிறது.

கறுப்பு பிளேசர்: கை எது, காலர் மடிப்பு எது என்று பிரியவில்லை. முகமும் வெளிறுகிறது.

நான் மாநிறம். கடைக்குப் போக ஒரு நாள் இருக்கிறது. எதை மாற்றலாம்?

பதில் 1

முதல் சிக்கலுக்கு மோரே என்று பெயர். கேமரா சென்சாரில் (ஒளியைப் பதியும் தகடு) விழும் சட்டைக் கோடுகளின் இடைவெளியும் அதிலுள்ள புள்ளிகளின் இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டால், இரண்டும் மோதி இல்லாத ஒரு அலை உருவாகும். அதனால்தான் கண்ணாடியில் தெரியவில்லை. ஓரடி முன்னே பின்னே நகர்ந்து எடுத்தால் அலையின் வடிவம் மாறும், சில சமயம் மறைந்தே போகும்.

ஆனாலும் அந்தச் சட்டையை விட்டுவிடுங்கள். பெரிய படத்தில் சுத்தமாக இருந்தாலும், புரொஃபைல் வட்டத்துக்குச் சுருக்கும்போது அலை மறுபடி வரலாம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கோடு, பொடிக்கட்டம், நெருக்கமான நெய்த கோலம் எல்லாவற்றுக்கும் இதே ஆபத்துதான். இதைப் பிறகு எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும் பாடு.

பதில் 2

வெள்ளையும் கறுப்பும் ஒரே காரணத்தால் கெடுகின்றன. போன் தானாக வெளிச்சத்தை முடிவுசெய்கிறது. மாநிற முகத்துக்கு அளந்தால், அதைவிடப் பல மடங்கு ஒளியைத் திருப்பும் வெள்ளைத் துணி எல்லை தாண்டி வெளுக்கும். சட்டகத்தில் பெரும்பகுதி கறுப்பாக இருந்தால், இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும், முகம் வெளிறும். ஸ்டூடியோவில் கேமராவைக் கையால் அமைப்பார்கள், ஆகவே இவ்வளவு மோசமாக வராது. ஆனால் கறுப்புத் துணியில் மடிப்பு தெரிய அங்கேயும் தனியாக விளக்கு வைக்க வேண்டியிருக்கும்.

நீலம் அடிப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். முகமும் சுவரும் சேர்ந்து நீலமாக இருந்தால், அது ஜன்னல் வழி வரும் வான வெளிச்சம். வொயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) மாற்றினால் போதும். சட்டை மட்டும் நீலமாக இருந்தால், சலவைப் பொடியிலும் துணியிலும் உள்ள வெண்மையூட்டிதான் காரணம். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீல ஒளியாக விடும். ஃபிளாஷிலும் இதே வேலையைக் காட்டலாம். அதே பொடியில் துவைத்தால் போகாது.

வாங்குவதானால் நேவி நீலம் அல்லது அடர் சாம்பல் பிளேசர், உள்ளே வெளிர் நீலச் சட்டை. வெளிர் சாம்பல் பின்னணியில் தோளின் கோடு தெளிவாகப் பிரியும். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள், கிளிப்பச்சை வேண்டாம். அந்த நிறம் தாடைக்கு அடியில் எதிரொளித்துக் கழுத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பதில் 3

நிறத்தில் உடன்படுகிறேன். ஆனால் வெள்ளைச் சட்டையை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். தனியாகப் போட்டால்தான் தொல்லை. பிளேசருக்குள் ஒரு முக்கோணமாகத் தெரியும் அளவு வெள்ளை முகத்தை எடுப்பாகவே காட்டும். அதையும் கொண்டுபோங்கள்.

நிறத்தைவிடத் துணியின் பளபளப்பைப் பாருங்கள். பாலியஸ்டர் அதிகமுள்ள பிளேசரின் தோளில் விளக்கு பட்டால் வெள்ளைத் திட்டு விழும். கடையிலேயே போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பட்டையாக மின்னினால் வேண்டாம். கம்பளி, பருத்தி இரண்டும் ஒளியைப் பரப்பிவிடும்.

கேட்டவர்

மிக்க நன்றி. நேவி பிளேசரும் வெளிர் நீலச் சட்டையும் வாங்கிவிட்டேன். பழைய மூன்று சிக்கலும் இல்லை. ஆனால் உட்கார்ந்தால் பிளேசர் காலர் பின்கழுத்தை விட்டு எழும்பி நிற்கிறது. சட்டையைக் கடையில் மடித்து வைத்திருந்த கோடும் இஸ்திரி போட்டும் போகவில்லை. டை கட்டலாமா?

பதில் 3

உட்காரும்போது பிளேசரின் கீழ்விளிம்பு இருக்கையில் முட்டி மேலே தள்ளுகிறது. பின்பக்கத் துணியை இரண்டு கையாலும் கீழே இழுத்து, அதன் மேலேயே உட்காருங்கள். காலர் கழுத்தில் படியும், தோளில் விழுந்த சுருக்கமும் மறையும். கீழ்ப் பட்டனைக் கழற்றிவிடுங்கள்; மேல் பட்டன் வயிற்றில் இழுத்து X போல மடிப்பு விழுந்தால் அதையும். மார்பில் தொளதொளவென்று இருந்தால், பின்னால் நடுமுதுகில் துணியைக் கூட்டிப் பிடித்து ஒரு கிளிப் போடலாம். முன்னிருந்து தெரியாது.

பதில் 2

புதுச் சட்டையில் கஞ்சிப்பசை இருக்கும், அதன் மேல் இஸ்திரி போட்டால் கோடு இன்னும் இறுகும். ஒரு முறை துவைத்து, முழுதும் காயுமுன் லேசான ஈரத்தோடு உள்பக்கமாகத் தேயுங்கள். போட்டோவில் தெரிவது காலர், மேல் மூன்று பட்டன், தோள். உழைப்பை அங்கே செலவழியுங்கள். ஹேங்கரில் கொண்டுபோய் அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். போட்டுக்கொண்டு பயணம் செய்தால் முழங்கை மடிப்பில் சுருக்கம் விழுந்துவிடும்.

டை உங்கள் துறையைப் பொறுத்தது. கட்டினால் ஒரே நிறத்தில், சட்டையைவிட அடர்த்தியாக. காலர் பட்டன் போட்டபின் கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் இடமிருந்தால் முடிச்சு தொங்கும், அந்தச் சட்டைக்கு டை வேண்டாம்.

பதில் 1

லின்ட் ரோலர் (துணியில் ஒட்டிய இழை, முடியை எடுக்கும் ஒட்டு உருளை) மறக்காதீர்கள். நேவியில் ஒரு வெள்ளை இழைகூடத் தெரியும். தலை சீவிய பிறகு தோளில் உருட்டுங்கள், முன்னால் உருட்டினால் முடி மறுபடி விழும். முதல் நாலைந்து படம் எடுத்ததும் கேமரா திரையில் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி, காலர் இரு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள்.