விடுவெளியும் காப்புவெளியும்: இலச்சினை வடிவமைப்புக்கு இரண்டு சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நமது கலைச்சொல் பட்டியலில், வடிவமைப்பில் உருவங்களுக்கு நடுவிலும் சுற்றிலும் வரையாமல் விடும் இடத்தைக் குறிக்கும் ‘நெகட்டிவ் ஸ்பேஸ்’ என்பதற்கு ‘வெற்றிடம்’ என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. பௌதிகவியலில் அச்சொல் ஏற்கெனவே வேறு பொருளில் நிலைத்திருப்பது ஒருபுறமிருக்க, யாழ்ப்பாணத்தில் பத்திரிகையில் ‘வெற்றிடம்’ என்று கண்டதும் வேலை தேடுவோர்தாம் முதலில் நிமிர்ந்து பார்ப்பார்கள். ‘எதிர்மறை வெளி’ வெறும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. ‘வெண்வெளி’யோ நிறத்தாளில் அச்சிட்டதும் பொய்த்துவிடும்.

1994இல் லிண்டன் லீடர் வடிவமைத்த, ஃபெடெக்ஸ் என்ற பொதி அஞ்சல் நிறுவனத்தின் இலச்சினையில், பெரிய ‘ஈ’ எழுத்துக்கும் சிறிய ‘எக்ஸ்’ எழுத்துக்கும் நடுவே ஓர் அம்பு தெரிகிறது. அதை எவரும் தனியாக வரையவில்லை, இரண்டு எழுத்துகளின் விளிம்புகளையும் அதற்கேற்பச் செதுக்கி இடம் விட்டிருக்கிறார்கள். இயற்கைக்கான உலகளாவிய நிதியத்தின் (WWF) இலச்சினையான பண்டா 1961 முதல் கறுப்பு வெள்ளையில் இருப்பதற்கு அச்சுச் செலவும் ஒரு காரணம். இன்றைய வடிவில் அதன் முதுகுக்குக் கோடே கிடையாது, கறுப்புத் திட்டுகளைக் கொண்டு மீதி உருவத்தைக் கண்ணே நிரப்பிக்கொள்கிறது. ஆகவே இது வரைபவர் தெரிந்தே விடுகின்ற வெளி. வினைத்தொகையாக ‘விடுவெளி’ என்றால், விடுகதை, விடுமுறை போல நாவில் எளிதாகப் புரளும்.

இலச்சினையைச் சுற்றி வேறு எழுத்தோ படமோ நெருங்காதபடி ஒதுக்கும் ஓரத்தையும் சிலர் ‘நெகட்டிவ் ஸ்பேஸ்’ என்றே குறிக்கிறார்கள். அது வடிவத்தின் பகுதியன்று, பயன்படுத்துவோருக்கான விதி. அதற்குக் ‘காப்புவெளி’ போதும்.

எச்சொல்லையும் வசனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பனை, புத்தகம், குத்துவிளக்கு, சூரியன் எல்லாவற்றையும் ஒரு வட்டத்துக்குள் அடக்கிய சனசமூக நிலைய இலச்சினை, கடிதத் தலைப்பில் ஓரளவு தெளிவாகவே இருக்கும். அதையே இறப்பர் முத்திரையாக்கிக் குத்தினால், ஓலைகளுக்கு நடுவே மை இறங்கிப் பனை ஒரு கறுப்புக் குமிழாகிவிடும். ‘முத்திரை அளவுக்குச் சுருக்கினாலும் விடுவெளி அடைபடக் கூடாது’ என்று வடிவமைப்பாளருக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம். ‘வெற்றிடம் நிரப்பப்படக் கூடாது’ என்று எழுதினால் வேலையற்ற பட்டதாரிகள் சண்டைக்கு வருவார்கள்.

‘இடைவெளி’யை எழுத்துகளுக்கு நடுவிலுள்ள தூரத்துக்கே விட்டுவைத்து, விடுவெளி, காப்புவெளி இரண்டையும் பட்டியலில் தனித்தனிப் பதிவுகளாகச் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன்.