சாமத்தியவீட்டு எண்ணிக்கை

குழு: கோண்டாவில் வீட்டார்
2023 பெப்ரவரி, ஞாயிறு இரவு

வசந்தி அக்கா: ஹோல்காரர் நாளைக்குத் தலை எண்ணிக்கை கேக்கினம். ரதி வீடு மட்டும்தான் மிச்சம். ரதி, 4 பேரோ?

வசந்தி அக்கா: முந்திக் கேட்டதுக்கு நீலச் சரி விழுந்து ரெண்டு நாளாச்சு. பதிலைக் காணேல்லை.

குலம் அண்ணா: அவ தீபாவளிக்கும் வரேல்லை. ஆக்களோட சேர விருப்பமில்லாட்டி விடுங்கோவன்.

சின்ன மாமா: குலம், உப்பிடிக் கதையாத. நீ ஜேர்மனியில இருக்கிறாய், நான் லண்டனில கடைக்குள்ள நிண்டு பாக்கிறன். கீ மீற்றருக்கு, அதுதான் கடையில கீயில காசு ஏத்தினாத்தான் கறன்ற் வாற மீற்றருக்கு, 20 பவுன் போட்ட சனம் இப்ப 5 பவுனைச் சில்லறையா எண்ணி வைக்குது. ஒண்டும் பாவிக்காட்டியும் கறன்ருக்கும் காஸுக்கும் சேர்த்து நாளுக்கு 70 பென்ஸுக்கு மேல தானாக் கழியும். இருட்டில இருந்திட்டு வந்து காசு போட்டா முதல் போறது அந்தக் கடன்.

குலம் அண்ணா: கறன்ற் பில்லுக்கு 400 பவுன் அரசாங்கம் குடுத்ததே மாமா?

சின்ன மாமா: பாங்கால கட்டுறவைக்கு அது சத்தமில்லாமக் கழியும். பழைய கீ மீற்றர்காரருக்கு மாசம் 66, 67 எண்டு வவுச்சர் தபாலில வரும். 90 நாளில காலாவதி. கொஞ்சம் பிந்திக் கொண்டுவந்து நீட்டினவைக்கு ‘இது செல்லாது’ எண்டு சொன்னது நான்தான்.

ராணி மச்சாள்: இஞ்ச ஜேர்மனியில தனி ஆளுக்கு அரசாங்க உதவி ஜனவரியில 449இல இருந்து 502 யூறோ ஆச்சு. சாமான் விலை அதுக்கு முதலே ஏறீற்றுது. இலவசச் சாப்பாட்டுச் சாமான் குடுக்கிற ‘தாஃபல்’ கனக்க இடத்தில புது ஆக்களைப் பதியேல்லை.

பிரணவன்: ஐரோப்பிய ஒன்றியத்தின்ர புள்ளிவிபர அலுவலகம் யூரோஸ்டாற் 13 கேள்வி கேக்கும். பணமில்லாம அதில 7 விசயமாவது ஏலாட்டி அது கடும் இல்லாமை. வீட்டுச் சூடு, ரெண்டு சோடி சப்பாத்து எல்லாம் அதில இருக்கு. மாசத்தில ஒருக்கா சொந்தம் சினேகிதரோட சாப்பிட ஏலுமோ எண்டதும் ஒண்டு 😐 ஒன்றியத்தில வறுமையோ சமூக ஒதுக்கலோ வரக்கூடிய ஆக்கள் 2021இல 9 கோடி 54 இலட்சம். ஐஞ்சில ஒராளுக்கு மேல.

வசந்தி அக்கா: தம்பி, நான் கேட்டது தலை எண்ணிக்கை.

ரதி: அக்கா, குறை நினைக்காதேங்கோ. 4 பேர் வந்தா என்வலப்பில 100 பவுனாவது வைக்கோணும். சின்னவனுக்கு இருக்கிற ஒரு சப்பாத்து பள்ளிக்கூடத்துக்குப் போட்டுத் தேஞ்சு போச்சு. போன கிழமை உணவு வங்கியில கேத்தில் பொதி கேட்டு வாங்கினனான். சுடுதண்ணி மட்டும் ஊத்தினாக் காணும், அடுப்பு மூட்டத் தேவையில்லை. இதை இதுக்குள்ள எழுத வெக்கமாக் கிடக்கு.

குலம் அண்ணா: 🚫 இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

பெரியம்மா: போன வருசம் இஞ்ச ஊரில காஸ் இல்லாம நான் விறகு பொறுக்கேக்க மாசா மாசம் காசு போட்டவள் ரதிதான். ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டவள். சொல்லிப்போட்டன்.

வசந்தி அக்கா: 4 பேர் எண்டு குடுத்தாச்சு. என்வலப்போட வந்தா வாசல்ல மறிப்பன். ரதி, போனை எடு.

வசந்தி அக்கா: எடு எண்டுறன்.

ரதி: சார்ஜ் 2 வீதம்தான் அக்கா. மீற்றர் காலமை நிண்டிட்டுது. நாளைக்கு மாமான்ர கடையில இருந்து எடுக்கிறன்.

சின்ன மாமா: நாளைக்கு ஏன்? கடை 11 மட்டும் திறந்திருக்கு. கீயைப் பெடியனிட்டக் குடுத்து விடு.